ஸ்பைடர்மேனின் மறுதொடக்கங்கள்: அழித்தெழுதுவதா, அருகில் நடுவதா, அடுத்தவர் கையில் கொடுப்பதா?

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில், சென்ற மாதம் ஒரே குவியலிலிருந்து இரண்டு ஸ்பைடர்மேன் தொகுப்புகளை எடுத்தேன். ஒன்று, 2000-இல் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' வரிசையின் முதல் தொகுப்பு. மற்றொன்று, 2007-இல் வெளிவந்த 'ஒன் மோர் டே'. இரண்டையும் வெளியிட்டது மார்வெல் நிறுவனம்தான். பல பத்தாண்டுக் கதைகள் சேர்ந்து கனத்துப்போன ஒரு நாயகனைப் புதிய வாசகர் தயங்காமல் கையில் எடுக்கும்படி இளமையாக்கித் தர வேண்டும் என்ற நோக்கமும் இரண்டுக்கும் பொதுவானது. ஆனால் முன்னதை வாசகர்கள் கொண்டாடினார்கள். பின்னதைப் பெரும்பாலோர் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுத்தின் தரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதால்தான் மறுதொடக்க வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை விலக்கிவிடுகிறேன். இதழின் வரிசை எண்ணை மறுபடி 1 என்று மாற்றுவது மறுதொடக்கம் ஆகாது. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழ் 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் மறுபடி முதல் எண்ணிலிருந்து வந்தது. கதை மட்டும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அது விற்பனையையும் சேகரிப்பாளர்களையும் பற்றிய விஷயம். நாயகனின் வாழ்க்கையையே திருத்தி எழுதுகிற, ரசிகர்கள் 'ரீபூட்' என்று அழைக்கிற மாற்றத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாசகர் அந்த நாயகனோடு ஏற்கெனவே கழித்த ஆண்டுகளை இந்தப் புதிய கதை என்ன செய்கிறது?

அழித்தெழுதும் வழிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2007-தான். 1962 ஆகஸ்டில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர், பள்ளி மாணவனாகத் தொடங்கி, கல்லூரிக்குப் போய், வாடகைக்குத் திண்டாடி, புகைப்படம் விற்றுப் பிழைத்து, 1987-இல் மேரி ஜேனை மணந்தான். மணமான நாயகன் வயதானவனாகத் தெரிகிறான், விவாகரத்து செய்யவைத்தாலோ மனைவியை இழக்கவைத்தாலோ இன்னும் வயதானவனாகத் தெரிவான் என்பது அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவின் வாதம். ஆகவே திருமணம் நடக்கவே இல்லை என்று ஆக்க முடிவு செய்தார்கள். கதையில் பீட்டரை வளர்த்த மே அத்தை துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாகக் கிடக்கிறாள், மெஃபிஸ்டோ என்னும் தீய சக்தி, அவளுடைய உயிருக்கு விலையாகப் பீட்டர், மேரி ஜேன் இருவரின் மணவாழ்வைக் கேட்கிறது, இருவரும் இசைகிறார்கள். பொழுது விடியும்போது அந்தத் திருமணம் யார் நினைவிலும் இல்லை. 2006-இல் பீட்டர் உலகறிய முகமூடியைக் கழற்றிய நிகழ்ச்சியும் எல்லாருக்கும் மறந்துபோகிறது. இறந்துபோயிருந்த நண்பன் ஹாரி ஆஸ்போர்ன் உயிரோடு வந்து நிற்கிறான்.

எங்கள் வாசகர் கூட்டத்தில் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவனாக இங்கே வந்தவர். ஃபோர்ட் பகுதி நடைபாதையில் வாங்கிய 1987-ஆம் ஆண்டுத் திருமணச் சிறப்பிதழை இன்றும் பாலிதீன் உறைக்குள், ஓரம் மடங்காமல் இருக்கப் பின்பக்கம் ஓர் அட்டை வைத்துப் பாதுகாக்கிறார். ஊசிப்பின் துரு ஏறிய இரண்டு இடங்களில் மட்டும் தாள் பழுப்பாகியிருக்கிறது. 'ஒன் மோர் டே'யை அவரிடம் காட்டியபோது, அவர் அந்த உறையை எடுத்து மேசைமேல் வைத்து, "தம்பி, கல்யாணத்த நாம கண்ணால பாத்தோம்லா? நடக்கவே இல்லன்னா எப்படி?" என்றார். உலகெங்கும் ரசிகர்கள் அன்று எழுப்பிய எதிர்ப்பின் மையம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மணமுறிவு என்று எழுதியிருந்தால் வருந்தியிருப்பார்கள். சண்டையிட்டுப் பிரிந்தார்கள் என்றால் கோபப்பட்டிருப்பார்கள். ஆனால் இருபதாண்டுக் கதை நடந்த ஒன்றாக நிலைத்திருக்கும்.

இரண்டாவது எதிர்ப்பு நாயகனின் குணத்தைப் பற்றியது. பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வருகிறது என்பதை மாமாவின் சாவிலிருந்து கற்ற ஒருவன், தன் தவறின் விளைவைத் தாங்காமல் பேயோடு பேரம் பேசுகிறான் என்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை. மே அத்தையிடம் கேட்டிருந்தால் அவளே மறுத்திருப்பாள். கதையை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தம் பெயரை எடுத்துவிட எண்ணியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் மாதம் மூன்று இதழ்களாக வந்த கதைகளில் விறுவிறுப்பானவை, நல்லவை பல உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அடித்தளத்தில் அந்தப் பேரம் இருப்பதால், அவற்றை ரசிக்கும்போதும் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் அழித்தெழுதுவதே தவறா என்றால், இல்லை என்பதற்கு சூப்பர்மேன் சாட்சி. 1938 முதல் சேர்ந்திருந்த அவனுடைய கதைகளை, 1985-86-இல் வந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' நிகழ்வுக்குப் பிறகு மார்வெலின் போட்டியாளரான டிசி நிறுவனம் துடைத்துவிட்டு, ஜான் பைர்னின் கையில் 1986-இல் 'தி மேன் ஆஃப் ஸ்டீல்' என்னும் ஆறு இதழ்களில் முதலிலிருந்து தொடங்கியது. சூப்பர்பாய் பருவம் போயிற்று. வளர்ப்புப் பெற்றோரான கென்ட் தம்பதியர் உயிரோடு இருந்தார்கள். லெக்ஸ் லூதர் பெரும் தொழிலதிபரானான். இவ்வளவு மாற்றியும் அது பெரும்பாலும் வரவேற்கப்பட்டது. அதற்கு முன்பே பழைய சூப்பர்மேனுக்கு முறையாக விடைகொடுத்துவிட்டார்கள் என்பதை நான் முக்கியமான காரணமாகக் கருதுகிறேன். ஆலன் மூர் எழுத, பல பத்தாண்டுகள் அவனை வரைந்த கர்ட் ஸ்வானே வரைந்த இரண்டு இதழ்க் கதை அது; பழைய நண்பர்கள், பழைய எதிரிகள், பழைய நாய் கிரிப்டோ உட்பட எல்லாருக்கும் அதில் ஒரு முடிவு கிடைத்தது. பழைய வாசகர் தாம் படித்ததைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டுப் புதியதைத் திறக்க முடிந்தது.

அதே நிறுவனம் 2011 செப்டம்பரில் 52 இதழ்களை ஒரே மாதத்தில் முதல் எண்ணிலிருந்து தொடங்கியபோது இந்தப் பக்குவம் இல்லை. சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் நடந்த திருமணம் மறைந்தது. பேட்மேனின் கதையோ பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது, ஆனால் அவனுடைய உதவியாளர்களான ராபின்கள் அத்தனை பேரையும் ஐந்தாண்டுச் சொச்சத்துக்குள் அடைக்க வேண்டியதாயிற்று. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது வாசகருக்கு இதழுக்கு இதழ் மாறிக்கொண்டிருந்தது. 2016-இல் பழைய சூப்பர்மேனையே, மனைவி லோயிஸோடும் மகன் ஜானோடும் திரும்பக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு இரண்டு சூப்பர்மேன்களையும் ஒருவராகப் பிணைத்தார்கள். 1986-ஐயும் 2011-ஐயும் ஒப்பிட்டால், அழித்தெழுதுவோர் முழுதாக அழிக்க வேண்டும், அதற்கு முன் விடைகொடுக்கவும் வேண்டும் என்பது என் தீர்ப்பு. 2007-இன் ஸ்பைடர்மேன் இந்த இரண்டையுமே செய்யவில்லை; எல்லாம் நடந்தது, திருமணம் மட்டும் நடக்கவில்லை என்று ஒரே ஒரு செங்கல்லை உருவியது.

இனி அருகில் நடும் வழி. 2000-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைய வெளிவந்த 'அல்டிமேட்' வரிசை, பழைய இதழை நிறுத்தாமல், வேறொரு உலகத்தில் வேறொரு பதினைந்து வயதுப் பீட்டரை உருவாக்கியது. 1962-இல் 11 பக்கங்களில் முடிந்த தோற்றக் கதை இங்கே ஏழு இதழ்களுக்கு விரிந்தது. அவ்வளவு நேரம் பென் மாமாவோடு பழகிவிடுவதால், அவருடைய சாவு நம்மை நன்றாகவே உலுக்குகிறது. இருவரும் தொடர்ந்து 111 இதழ்கள் சேர்ந்து பணியாற்றினார்கள். புதியவருக்கு வாசல் திறந்தது. பழையவரின் வீட்டிலிருந்து ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. தமிழ் வாசகருக்கு இது பழகிய முறைதான். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பனில் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துப் போகிறான். இரண்டையும் அறிந்தவர்களாகவே நாம் கதை கேட்கிறோம். ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதாக யாரும் நினைப்பதில்லை. இந்த வழிக்கு உள்ள குறை ஒன்றுதான்: அருகில் நட்ட கன்றும் வளர்ந்து மரமாகும், அதற்கும் இருபதாண்டுக் கதை சேரும், புதியவர் மறுபடி தயங்குவார். 2015-இல் அந்த உலகத்தையே முடித்துவிட்டார்கள்.

அதற்குள் அது மூன்றாவது வழியைக் காட்டிவிட்டிருந்தது. 2011-இல் அல்டிமேட் உலகின் பீட்டர் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தாரையும் காக்கப் போராடி உயிர்விட்டான். அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோத் தாய்க்கும் பிறந்த மைல்ஸ் மொராலஸ் அந்த முகமூடியை அணிந்தான். அறிமுகமானபோது கடும் எதிர்ப்பு வந்தது. அதில் ஒரு பகுதி அவனுடைய நிறத்தின் மேலான வெறுப்பு. அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. மறுபகுதி, பீட்டரை இழந்தவர்களின் துக்கம், அதை மதிக்கிறேன். அந்தத் துக்கம் ஆறியதற்குக் கதையே வழி செய்தது. தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அறிவிப்பு வரும். புது முகத்தைப் பழைய ஆளாகவே நாம் ஏற்க வேண்டும். மைல்ஸை அப்படித் திணிக்கவில்லை. அவன் பீட்டரின் சாவை அறிந்தவன், தான் சற்று முன்னதாக உதவிக்குப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்று மருகுபவன். வாசகரின் இழப்பை நாயகனும் சுமந்தான். 2015-க்குப் பிறகு மைல்ஸ் பிரதான உலகத்துக்கு வந்து, அங்கிருந்த பீட்டரோடு சேர்ந்தே ஸ்பைடர்மேனாக இயங்குகிறான். 2018-இல் அவனை நாயகனாக்கி வந்த அசைவூட்டப் படம் ஆஸ்கர் விருது பெற்றது.

வாரிசு வழி நம் வாசகர்களுக்குப் புதிதும் அன்று. லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய வேதாளர் (ஃபேண்டம்) கதையில் முகமூடி தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாம் படித்தவர் 21-ஆவது தலைமுறை. மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 முதல் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் வழியாகவும், தமிழில் ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று தந்த இதழ்கள் வழியாகவும் அவரோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். முகமூடியை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுப்பார் என்பதை முதல் பக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு படித்ததாலோ என்னவோ, மைல்ஸை எங்கள் கூட்டத்தில் மூத்தவர்களும் எளிதில் ஏற்றார்கள்.

மும்பையிலிருந்து எழுதுகிறவன் இந்த ஊருக்கே நாயகனைப் பெயர்த்து நட்ட முயற்சியை விட்டுவிட முடியாது. 2004-இல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் நான்கு இதழ்களில் உருவாக்கிய பவித்ர பிரபாகர், உதவித்தொகையில் மும்பைக்குப் படிக்க வந்த கிராமத்துச் சிறுவன். வேட்டியோடு கட்டடங்களுக்கு இடையே ஊஞ்சலாடுகிறான். ஆற்றலை ஒரு யோகியிடமிருந்து பெறுகிறான். பென் மாமா பீம் ஆனார், மே அத்தை மாயா ஆனாள், மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள். யாருடைய நினைவையும் தொடாததால் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் பெயர்களை மாற்றியதோடு நின்றுவிட்டதால் ஆழ்ந்த பற்றும் வரவில்லை. உள்ளூர் ரயிலில் தொங்கிப் போகிறவனின் களைப்பையும், ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் முகமூடியை எங்கே ஒளிப்பது என்ற கவலையையும் அந்தக் கதை தொட்டிருந்தால் எங்களுக்கு அவன் நெருங்கியிருப்பான். 2023-இல் வந்த படம் அவனை 'மும்பாட்டன்' என்னும் கற்பனை நகரில் மிடுக்கும் கேலியும் நிறைந்த இளைஞனாக மாற்றியபோது, அண்ணாச்சியின் கல்லூரி செல்லும் மகள் முதல்முறையாக அவனைத் தன் ஆள் என்று சொன்னாள். 'சாய் டீ' என்று சொல்பவர்களை அவன் கடிந்துகொள்ளும் காட்சியை இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.

புதிதாகப் படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு நான் முதலில் கொடுப்பது 2000-இன் தொகுப்பு, அதன்பின் மைல்ஸ். 2007-ஐ, அதற்கு முந்தைய இருபதாண்டுகளைப் படித்து முடிக்காதவர் கையில் கொடுக்க மாட்டேன். படித்து முடித்தவர்களுக்கு அதைக் கொடுக்க மனம் வராது.

கடைசியாக ஒன்று. ஜானதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரைய 2024 ஜனவரியில் தொடங்கிய புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இந்த வழிகளைத் தலைகீழாக்கியது. இதில் பீட்டருக்கு மேரி ஜேன் மனைவி. ஒரு மகன், ஒரு மகள். பென் மாமா உயிரோடு இருக்கிறார். சிறுவயதில் கடித்திருக்க வேண்டிய சிலந்தி அவனைக் கடிக்காமல் தடுக்கப்பட்டதால், தாடி வைத்த குடும்பத்தலைவனாக ஏதோ தவறிப்போன உணர்வோடு வாழ்கிறான். இளைஞனாக்கினால்தான் புதியவர் வருவார் என்ற 2007-இன் வாதத்துக்கு எதிராக, வயது வந்தவனாகவே அவனைத் தொடங்கினார்கள். முதல் இதழைப் பலமுறை மறு அச்சிட வேண்டியிருந்தது. மகள் வாங்கி வைத்திருந்த முதல் தொகுப்பைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடித்த அண்ணாச்சி, "இவன் நம்ம பீட்டர் இல்ல, ஆனா வீட்ட ஒழுங்கா நடத்துதான்" என்றார். பிரதான இதழில் அவர் கல்யாணம் பார்த்த பீட்டருக்கு அந்தத் திருமணம் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை புதிய முதல் எண் வரும்போதும் அவர் என்னிடம் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்.