முன்கதவில் பூட்டு, பக்கவாட்டில் திறப்பு: சுவரில் மாட்டும் 9 யூ ரேக் குறித்து

எங்கள் அலுவலகத்தின் ரவுட்டரும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் நெடுநாள் ஒரு மேசைக்கு அடியில் திறந்தபடியே கிடந்தன. ஒருநாள் தரை துடைத்தபோது ரவுட்டரின் மின்கம்பி கழன்றுபோக, அதைச் சரிசெய்ய முயன்றவர் நல்லெண்ணத்தோடு ரீசெட் பொத்தானையும் அழுத்திப் பிடித்துவிட்டார். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்புகள் அத்தனையும் அழிந்தன. கடவுச்சொல் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், கருவியைக் கையால் தொட முடிகிற ஒருவரை அது தடுக்காது என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு வாங்கியதே, இத்தகைய கருவிகளை உள்ளே வைத்துப் பூட்டும் இந்த ரேக். ஓராண்டு பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். ஆகவே 9 யூ ரேக்கின் உள்ளே ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 24 போர்ட் சுவிட்ச், கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல், ரவுட்டருக்கான தட்டு எல்லாம் வைத்த பிறகும் இடம் மிஞ்சுகிறது. தகடு உறுதியானது, வண்ணப்பூச்சு உரியவில்லை. கான்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட்டுகளால் பிணைத்திருக்கிறோம், அசைவே இல்லை.

குறை இருப்பது பூட்டில். இதே வகையில் இரண்டாவது ரேக்கை வாங்கியபோது, முதல் ரேக்கின் சாவியே அதையும் திறந்தது. ஒரே சாவி எத்தனை ரேக்குகளைத் திறக்குமோ, அத்தனை பேரிடமும் நம் சாவி இருப்பதாகத்தான் பொருள். அதைவிடக் கவலை தருவது பக்கவாட்டுத் தகடு: வெளியிலுள்ள சிறு தாழை விரலால் நகர்த்தினால் தகடு அப்படியே கையோடு வந்துவிடுகிறது, முன்கதவு பூட்டியபடியே இருக்க, சுவிட்சின் அமைப்புகளை நேரடியாக மாற்ற உதவும் கன்சோல் போர்ட் வரை கை தாராளமாகப் போகிறது. பின்புற நட்டைக் கழற்றி முன்பூட்டை மாற்றினோம். பக்கத் தகடுகளுக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டோம். இவற்றைத் தயாரிப்பாளரே செய்து தந்திருக்க வேண்டும்.

வெப்பமும் ஒரு சிக்கல். முன்கதவு முழுக் கண்ணாடி என்பதால் காற்று புக வழி குறைவு. கருவிகள் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல், காற்றோட்டத் துறைப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை; கதவை மூடிய முதல் நாளே உள்ளே வைத்த வெப்பமானி 41 காட்டியது. நெட்வொர்க் கேபிள் வழியே கேமராக்களுக்கும் மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்ச் வைத்திருப்பவர்கள் துளையிட்ட கதவுள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். மேலே இரண்டு மின்விசிறிகளைப் பொருத்திய பிறகு வெப்பம் தணிந்தது, ஆனால் அவை காற்றை வெளியே தள்ளத் தள்ளக் கீழேயுள்ள கேபிள் துளை வழியே தூசி உள்ளே வரத் தொடங்கியது. அந்தத் துளைக்கு, கேபிளைச் சுற்றி இழைகளால் மூடும் பிரஷ் தகடு போட்டபின் தூசி குறைந்ததோடு, எலி நுழையும் வழியும் அடைபட்டது.

எர்த்திங்குக்கான திருகு உடலில் இருக்கிறது, கதவுக்கு இணைப்புக் கம்பி தரப்படவில்லை. கீலின்மேல் மின்சாரத்தைக் கடத்தாத வண்ணப்பூச்சு இருப்பதால் அதை நம்பிவிடாமல் தனிக் கம்பி இழுத்துப் பிணைப்பதே பாதுகாப்பு. மேல்தகட்டில் காற்றுத் துளைகள் இருப்பதால், ஏசிக்கு நேர் கீழே இதை மாட்டவும் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, பக்கத் தகட்டை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.