மீன் வண்டிக்குக் குழாய், புல்லட்டுக்கு டப்பா: வண்டி ஆடியோவில் எது எதற்கு?

என் மச்சான் நாகப்பட்டினத்தில் விடியற்காலையில் மீன் எடுத்து, கீழ்வேளூர் பக்கம் ஊர் ஊராக எக்ஸெல் மொபெட்டில் போய் விற்பவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், "ஒரு ஸ்பீக்கர் மாட்டிக் குடு மாப்ள" என்று வந்து நின்றார். என் புல்லட்டிலும் பாட்டு போட எனக்கு ரொம்ப நாள் ஆசை. சரி, இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் ஏமாந்தது வாட்ஸில். கடையில் '500 வாட்ஸ்' என்று எழுதிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை வாங்கிவந்தேன். வண்டி பேட்டரி 12 வோல்ட். உள்ளே மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சுற்று இல்லாத ஆம்ப், ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் முறையில் ஓடினாலும், 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் ஒன்றுக்குக் கரகரப்பில்லாமல் கிட்டத்தட்ட 18 வாட்ஸ்தான் தரமுடியும். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டுக்கு ஏறினால் 24 வரும். மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்ததோடு சரி.

அதனால் ஆம்பை விட்டு ஸ்பீக்கரைப் பார்க்க ஆரம்பித்தேன். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுபவர்கள் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டரில் 105 டெசிபல் அளவுக்குக் கத்தும். காரில் போடும் கோஆக்சியலுக்கு (பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே சின்ன ட்வீட்டரும் இருக்கும் வகை) 90தான். 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு பவர் கொடுக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 15. குழாயின் பின்னால் சத்தம் எழுப்பும் யூனிட் பெரும்பாலும் 16 ஓம், தடை கூடுதல் என்பதால் அதே ஆம்பிலிருந்து நாலரை வாட்ஸ்தான் இழுக்கும். அப்படியும் 18 வாட்ஸ் கோஆக்சியலை விட 9 டெசிபல் மேலே நிற்கிறது! மச்சானுக்குக் குழாய் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஆனால் குழாயில் பாட்டுக் கேட்க முடியாது. தவில் வெறும் தகர டப்பாவாகக் கேட்கும், பேஸ் அறவே வராது. புல்லட்டுக்குக் கோஆக்சியல்தான். அதிலும் ஒரு தப்பு செய்தேன்: ஹேண்டில்பாரில் வெறும் கிளாம்ப் போட்டு மாட்டினேன். காரில் கதவே பெட்டியாக இருக்கும். இங்கே பின்பக்கச் சத்தம் சுற்றிவந்து முன்பக்கச் சத்தத்தைத் தின்றுவிட்டது. மூடிய ஃபைபர் டப்பாவுக்குள் போட்ட பிறகுதான் பாட்டு பாட்டாக வந்தது. அறுபதில் போனால் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம்தான் பெரிது. பேஸுக்கென்று தனியாகச் செலவு செய்வது வீண்.

ஆம்பில் கிளாஸ் ஏபி, கிளாஸ் டி என்று இரண்டு. சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பேட்டரிக்குத் தெரிகிறது. டி வகை இழுக்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகும். ஏபியில் முழுச் சத்தத்திலேயே அறுபதைத் தாண்டுவது கஷ்டம், மிச்சம் சூடாகப் போய்விடும். சின்ன வண்டிகளில் பேட்டரியின் கொள்ளளவு 3, 4 ஆம்பியர்-அவர்தான். தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டு வியாபாரம் பார்ப்பவருக்கு டி-யைத் தவிர வேறு வழியில்லை.

ஒயரிங்கில் இரண்டே விஷயம். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் போடுங்கள். நெகட்டிவை பாடியில் கட்டாமல் பேட்டரிக்கே கொண்டுபோனால், ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது வரும் 'உய்ய்ங்' பெருமளவு அடங்கும். ஐப்பசி அடைமழையை விடக் கடலோர உப்புக்காற்றுதான் எமன். ஒயர் முனைகளில் கிரீஸ் தடவிவையுங்கள்.

ஹேண்டிலில் மாட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கர்? பெட்ரோல் பங்க் போய்வருவதற்குள் கேட்கும் பாட்டுக்குப் போதும்.

இன்னொன்று, பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டும் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். பள்ளிக்கூடம் வந்தால் மச்சான் அணைத்துவிடுகிறார்.

முதலில் அவர் பதிவு செய்தது "சங்கரா, பாறை, நெத்திலி" என்று. மறுநாள் துறையில் மத்திதான் கிடைத்தது. சங்கரா கேட்டு வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது வெறும் "மீனு... மீனேய்" மட்டும் ஓடுகிறது.