அவன்டோன் மிக்ஸ்கியூப்: ஒன்றே போதும்

பாட்டின் மிக்ஸை மோனோவில், அதாவது இடது, வலது ஒலிகளை ஒன்றாக்கி, சரிபார்ப்பதற்காக அவன்டோன் மிக்ஸ்கியூப் என்ற சிறிய ஸ்டுடியோ ஸ்பீக்கரை வாங்க நினைப்பவர்கள் அதை ஜோடியாக வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒலியை இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டால் அது இரண்டுக்கும் நடுவே எங்கிருந்தோ வருவதுபோல் தோன்றுவதோடு, தலையைச் சற்று அசைத்தாலே தன்மையும் மாறிவிடும். உண்மையான மோனோவுக்கு ஒற்றைப் பெட்டியே சரி.

பழைய ஆரடோன் ஸ்பீக்கர் பெட்டியின் வழிவந்த இதில் 5.25 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான் உண்டு; உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டர் இல்லை, ஆகவே ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரும் இல்லை; பெட்டியில் காற்றுத்துளையும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் வகையைத்தான் சாலிகிராமத்தில் உள்ள என் அறையில் வைத்திருக்கிறேன். 90 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை இதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அதுவே இதன் பயனும்கூட. மிருதங்கத்தின் தாழ்ந்த தொப்பி ஒலி இதில் காணாமல் போனால், ஷேர் ஆட்டோவிலும் கைப்பேசியிலும் கேட்பவருக்கும் அது போய்ச் சேராது என்று பொருள்.

ஆனால் இது தன் விலைக்கு ஈடுசெய்வது இடம் வலமாக அகலப்படுத்திய ஒலிகளில்தான். கோரஸை விரித்துக் காட்ட ஒரு பக்கத்தை மட்டும் 10 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தியிருந்தால், மோனோவில் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி அமுங்கும் பள்ளங்கள் விழுந்து, ஹெட்போனில் மேடை நிறைத்து நின்ற பெண்குரல்கள் தகரக் குழாய்க்குள் நின்று பாடுவதுபோல் சுருங்கிவிடும். இருபுறமும் தனித்தனியாக வாசித்துச் சேர்த்த கிட்டார்களோ, நடுவிலுள்ள பாடகர் குரலோடு ஒப்பிட்டால், சுமார் 3 டெசிபெல் பின்வாங்கும். இது கணக்கின்படி நடப்பது, பிழையன்று. இதைக் கண்டு பதறி கிட்டாரை ஏற்றுவது, ஆடி மாதக் கோயில் குழாய் ஸ்பீக்கருக்காக ஹெட்போன் ரசிகரைத் தண்டிப்பதாகும்.

ட்வீட்டர் இல்லாததால், பாடகர் குரலில் 'ச', 'ஸ' ஒலிகள் சீறும் சகர இரைச்சலை இதில் எடைபோட வேண்டாம். விலையும் அதிகம்தான். ரிச்சி தெருவில் மலிவாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாமே என்றால், அவற்றில் பல, சத்த அளவுக்கேற்பத் தாமாகவே பேஸை (தாழ்ந்த ஒலியை)க் கூட்டியும் அமுக்கியும் தருவதால் அவற்றை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸில் மோனோ பொத்தான் இல்லாதவர்கள் இடது, வலது அவுட்புட்டுகளை ஒய் கேபிளால் நேரடியாகப் பிணைக்காமல், மிக்ஸ் செய்யும் மென்பொருளில் எல்லா ஒலிகளும் சேரும் மாஸ்டர் டிராக்கிலேயே மோனோவாக்கி ஒரு அவுட்புட்டை மட்டும் இதற்கு அனுப்பலாம். பாட்டை எக்ஸ்போர்ட் செய்யுமுன் அந்த மோனோ அமைப்பை அணைத்துவிட வேண்டும்.