மடுவத்து ஆப்பும் சேர்வரின் பெயரும்: நான்கு வழிகள்

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) எடை போட்டதும் போனிலுள்ள ஆப் அந்த எடையைத் தொழிற்சாலை சேர்வருக்கு அனுப்புகிறது. ஆப் கூப்பிடும் ஐபி முகவரி 192.168.1.20. சேர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழில் இருப்பதோ தராசு.தோட்டம்.இலங்கை என்ற பெயர். பெயர் பொருந்தாததால் இணைப்பு அறுந்துவிடும். இதைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு.

எந்தப் பெயர் வந்தாலும் "சரி" சொல்லும்படி கோடில் ஒரு வரி போடுவது முதலாவது. கையொப்பச் சங்கிலி (சான்றிதழுக்கு நம்பகமானவர் கையொப்பமிட்டாரா என்பது) இன்னும் சரிபார்க்கப்படுகிறதே என்பார்கள். சங்கிலி சொல்வது யார் கையொப்பமிட்டார் என்பதை மட்டும்தான். எதிரே நிற்பது யார் என்பதை அல்ல. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தில் எவரும் தன் டொமைனுக்கு இலவசமாகச் சான்றிதழ் எடுக்கலாம். அதே வைஃபையில் இருந்து அதை நீட்டினால் ஆப் நம்பிவிடும். வழியில் யாராவது மாற்றி 18 கிலோ 14 ஆனால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) அரைப் பேராகிவிடும். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

சேர்வரின் பொதுச் சாவியை ஆப்புக்குள்ளேயே பதித்துவிடுவது மிகக் கண்டிப்பானது. ஆனால் சாவி மாறும் நாளில் எல்லாப் போன்களும் ஒன்றாக நின்றுவிடும். மாற்றுச் சாவி ஒன்றையும் முன்கூட்டியே பதிக்காமல் இதில் இறங்கக் கூடாது.

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழையே எடுப்பதென்றால், பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் பதிவு போட்டு, டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்கலாம்; தொழிற்சாலை ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. ஆப்பும் ஐபியை விட்டுப் பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டும். அந்தப் பெயர் உள் ஐபியைக் காட்டினால் சில ரவுட்டர்கள் பதிலையே தடுத்துவிடும். மழைக்கு இணைய லைன் போனால் பெயருக்கு ஐபியே கிடைக்காது. ஆகவே உள்ளேயே ஒரு டிஎன்எஸ் தேவை.

தோட்டத்துக்கென்று சொந்தச் சான்று மூலம் (சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு) வைப்பதே இங்கே பொருத்தம். சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் (SAN) பெயரையும் ஐபியையும் சேர்த்து எழுதுங்கள். ஐபியை ஐபி வகையிலேயே எழுத வேண்டும். டிஎன்எஸ் வகையில் எழுதினால் பொருந்தாது. அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். பழைய வழிகாட்டிகள் சொல்லும் பொதுப்பெயர்ப் புலம் (CN) இப்போது உதவாது: குரோம் 2017இலேயே அதைக் கைவிட்டது, 2023இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9525உம் அதைப் பார்க்க வேண்டாம் என்கிறது. ஆண்ட்ராய்ட் 7 முதல், போனில் நாம் நிறுவும் மூலச் சான்றிதழை ஆப்கள் தாமாக நம்புவதில்லை. ஆப்பின் நெட்வேர்க் பாதுகாப்பு அமைப்பில் அதைச் சேர்க்க வேண்டும். கையொப்பமிடும் மூலச் சாவி சேர்வரில் இருக்கவே கூடாது. பென் டிரைவில் போட்டுப் பெட்டகத்தில் பூட்டுங்கள்.

எந்த வழியானாலும் பெயர் ஒப்பிடும் கோடை நீங்களே எழுதாதீர்கள். தமிழ் டொமைன் சான்றிதழுக்குள் தமிழெழுத்தில் இருக்காது. எக்ஸ்என் (xn--) என்று தொடங்கும் மாற்றுருவில் இருக்கும். சான்றிதழ்ப் பெயரில் வரும் நட்சத்திரக் குறி (*) புள்ளிகளுக்கு இடையிலான ஒரு பகுதியை மட்டுமே நிரப்பும். ஜாவாவில் வெறும் எஸ்எஸ்எல் சொக்கெட் (SSLSocket) தானாகப் பெயர் பார்ப்பதுமில்லை. சரிபார்ப்பு முறையாக எச்டிடிபிஎஸ்ஸை நீங்களே அமைக்க வேண்டும்.

முடிந்ததும் சேர்வருக்கு 192.168.1.21 என்று இரண்டாவது ஐபி கொடுங்கள், சான்றிதழில் சேர்க்காதீர்கள். ஆப்பை அதற்குத் திருப்புங்கள். இணைப்பு அறுந்தால் சரி. எடை போய்ச் சேர்ந்தால் பெயரை யாரும் பார்க்கவில்லை.