பதினான்காவது வால்ட்ஸ் இல்லாத இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகள் விற்பவர் ஒருவரிடம் இந்தக் குறுந்தட்டை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தார். வந்து சேர்ந்தபோது பெட்டி நடுவில் விரிந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சிறுகையேட்டைக் காணோம். குறுந்தட்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் சண்டைக்குப் போகவில்லை.

ருமேனியப் பியானோக் கலைஞர் டினு லிபாட்டியின் கடைசிக் கச்சேரி இது. 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சில் பெசான்ஸோன் நகரில் நடந்தது. பிரெஞ்சு வானொலி பதிவு செய்து வைத்திருந்ததை இ.எம்.ஐ. நிறுவனம் பின்னர் வெளியிட்டது. லிபாட்டிக்கு அப்போது வயது 33. ஹாட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. மருத்துவர் தடுத்தும், ஒப்புக்கொண்ட கச்சேரியாயிற்றே என்று ஊசி போட்டுக்கொண்டு மேடையேறினார். சரியாகப் பதினொரு வாரத்தில், டிசம்பர் 2 அன்று, இறந்துபோனார்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் இந்தத் தட்டைப் பரிந்துரைக்கிறார்கள். நானும் கைக்குட்டையோடுதான் உட்கார்ந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. நம் பாடகர்கள் சுருதி பார்த்துக்கொள்வதுபோல, முதலில் விரல்களைப் பியானோவின் மேல் ஒருமுறை ஓடவிடுகிறார். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு பாக்கின் முதலாம் பார்ட்டிட்டா, நடன இசைப் பகுதிகளின் கோவை. அதன் கடைசிப் பகுதியில் இடக்கை வலக்கையைத் தாண்டித் தாண்டிப் போய் வாசிக்க வேண்டும். நல்ல உடம்புக்காரர்களே மூச்சுவாங்கும் இடம். லிபாட்டியின் விரலில் ஒரு சுரம்கூட அடுத்ததன் மேல் இடறி விழவில்லை. வாசிப்பவர் நோயாளி என்று முன்கூட்டியே சொல்லாமல் என் தம்பிக்குப் போட்டுக்காட்டினேன். "யாரோ சின்னப் பையன் உற்சாகமாக வாசிக்கிறான்" என்றான்.

அடுத்து மோட்சார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பியானோப் படைப்பு. 1778இல், மோட்சார்ட் பாரிஸில் தன் தாயைப் பறிகொடுத்த கோடையில் எழுதியது. மெதுவான இரண்டாம் பகுதியின் நடுவே இசை திடீரென்று இருண்டு, சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். அங்கே உருக்கம் காட்டாத பியானோக் கலைஞர் அரிது. இவர் காட்டவில்லை. கட்டை விரலின் கனம்கூடக் கூடாமல் நேராக நடந்து கடந்துவிடுகிறார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் இந்தத் தட்டை நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஷூபர்ட்டின் இம்ப்ராம்ப்டு என்னும் சிறு பியானோப் படைப்புகள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

குறை ஒலிப்பதிவில்தான். மோனோ என்னும் ஒற்றைத் தடப் பதிவு, கீழ்ச் சுரங்கள் கம்பளி போர்த்தியதுபோலக் கேட்கின்றன. புதிய பதிவுகளின் துல்லியத்துக்குப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் சிரமம்.

கடைசியாக ஷோப்பானின் வால்ட்ஸ்கள், அதாவது வால்ட்ஸ் நடனத்தின் தாளத்தில் அமைந்த சிறு பியானோப் படைப்புகள். நிகழ்ச்சி நிரலில் பதினான்கு. தானே அமைத்துக்கொண்ட வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து வருகிறார். சி ஷார்ப் மைனர் வால்ட்ஸில் சுழன்றோடும் பகுதி, அவரே முன்பு செய்த ஸ்டூடியோப் பதிவில் இருப்பதைவிட இங்கே துணிச்சலாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பதின்மூன்று முடிந்ததும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஏ ஃபிளாட்டில் அமைந்த ஒன்று, ஓபஸ் (படைப்பு எண்) 34இன் முதலாவது, வாசிக்கப்படாமலே நின்றுவிட்டது. சற்று ஓய்ந்து திரும்பி வந்து பாக்கின் ஒரு துதிப்பாடலை வாசித்து விடைபெற்றார். அது இந்தப் பதிவில் இல்லை.

வால்ட்ஸ்கள் மட்டும் போதும் என்பவர்கள் 1950 ஜூலையில் ஜெனீவாவில் செய்த ஸ்டூடியோப் பதிவை வாங்குங்கள். கார்ட்டிசோன் மருந்து கொடுத்த சில வாரத் தெம்பில் வாசித்தது. பதினான்கும் உண்டு, ஒலியும் தெளிவு.

லிபாட்டி புக்கரெஸ்டில் 1917இல் பிறந்தவர். ஞானத்தந்தை இசைமேதை எனெஸ்கு. வியன்னாவில் நடந்த பியானோப் போட்டியில் இவருக்கு இரண்டாம் பரிசுதான் என்றதும், நடுவராக இருந்த பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் ஆல்ஃபிரெட் கோர்த்தோ கோபித்துக்கொண்டு விலகிப் பாரிஸுக்கு வரவழைத்துக் கற்றுக்கொடுத்தார். இப்படிப்பட்டவரின் பதிவுகள் ஒரு சிறிய அலமாரித் தட்டையும் நிரப்பாது. ஒரு படைப்பை வருடக்கணக்கில் மனத்தில் ஊறவைக்காமல் மேடைக்குக் கொண்டுவர மாட்டார். பிறகு நோய் முந்திக்கொண்டது.

பழைய எல்.பி. இசைத்தட்டுகள் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷோப்பான் பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய முதலாம் கான்செர்ட்டோவின் பதிவு ஒன்று லிபாட்டி பெயரில் பல ஆண்டுகள் விற்பனையானது. விமர்சகர்களும் மெய்ம்மறந்து பாராட்டினார்கள். 1981இல்தான் அதை வாசித்தவர் போலந்துக் கலைஞர் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா என்று வெளிப்பட்டது. பாவம், அவருடைய திறமைக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தது. லிபாட்டியே வாசித்த 1950ஆம் ஆண்டு சூரிச் பதிவு தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

விட்டுப்போன அந்த வால்ட்ஸை ஜெனீவாத் தட்டிலிருந்து எடுத்து, பெசான்ஸோன் பதின்மூன்றின் வாலில் ஒட்டி ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். பியானோவின் குரலே வேறாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.