மூன்று ஆண்டுகளாக எங்கள் மோட்டார் ஹோம்: தெலுக் பஹாங் முதல் தெமெங்கோர் வரை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் நாங்கள், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து மாற்றியமைக்கப்பட்ட பழைய ஜப்பானிய வேன் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினோம். அன்று படுக்கையின் அகலத்தையும் அலமாரிகளையும்தான் பார்த்தோம். இன்று யாராவது யோசனை கேட்டால், பேட்டரியையும் காற்றோட்டத்தையும் முதலில் பாருங்கள் என்றே சொல்வேன்.

விற்றவர் பொருத்தியிருந்தது 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி. அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும் என்பதால், நடைமுறையில் நமக்குக் கிடைப்பது 50 மட்டுமே. சிறிய குளிர்பெட்டியும் கூரை விசிறியும் சேர்ந்து ஒரே இரவில் அதைத் தீர்த்துவிட்டன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிய பிறகு, வெயிலில் மின்னேற்ற முடியாவிட்டாலும் இரண்டு இரவுகள் கவலையில்லை. மெத்தையின் அடியில் பூத்த பூஞ்சைக்கு, இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள் தீர்வாயின.

இத்தனை செலவுக்கும் ஈடாகக் கிடைப்பது விடியற்காலைதான். பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் என் சித்தப்பாவின் பழத்தோட்டத்தில் வேனை நிறுத்திவிட்டு உறங்கிய ஒரு நாள், தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பே, சன்னலுக்கு எதிர்க்கிளையில் ஒரு கண்ணாடி லங்கூர் குரங்கு வந்து அமர்ந்தது. கண்களைச் சுற்றி வெள்ளை வளையம்; கரும்பழுப்பு மார்போடு ஒட்டியிருந்த குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பிறந்து சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும் என்பதால், அதைக் கண்டது எங்களுக்குப் பெரும் பேறு. பின்னர் பினாங்கு தேசியப் பூங்காவில் பதிவு செய்துகொண்டு பந்தாய் கெராச்சுட் வரை நடந்தோம். ஆமைகள் முட்டையிடும் அந்தக் கடற்கரையை ஒட்டிய ஏரியில், நன்னீர் மேலாகவும் உப்புநீர் கீழாகவும் கலவாமல் நிற்கும். வறண்ட மாதங்களில் சென்றால் நீரே இருக்காது.

தூரப் பயணம் என்றால் எங்களுக்கு கூலிம், பாலிங் வழியாக கிரிக். அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தெமெங்கோர் ஏரியில் உள்ள பூலாவ் பண்டிங் தீவு வரை செல்லலாம். அதற்கு மேல் ராயல் பெலும் காட்டுக்குள் முன்அனுமதி பெற்றுப் படகில்தான் போக வேண்டும், வேன் கரையிலேயே நிற்கும். மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிகளும் பெலும் தெமெங்கோர் காடுகளில் உள்ளன. அவை தலைக்கு மேல் பறக்கும்போது எழும் இறக்கையோசை, பறவை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும்.

அந்தச் சாலையில் இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். ஒரு மாலை, வளைவைத் தாண்டியதும் யானை ஒன்று சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. “ஹாரன் அடிக்காதீங்க, அப்படியே நில்லுங்க,” என்றாள் மனைவி. தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக் காத்திருந்தோம்; இருபது நிமிடங்களில் அது தானாகவே சரிவில் இறங்கிப் போயிற்று. நாங்கள் அவசரப்பட்டிருந்தால் எங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. கூரை விசிறியைச் சுற்றியுள்ள ரப்பர், வெயிலில் காய்ந்து விரிசல் விட்டு, கனமழையில் படுக்கை மேல் சொட்டுகிறது. இரண்டு முறை பசை பூசியும் நிற்கவில்லை. அடுத்த கிரிக் பயணத்துக்கு முன், விசிறியைக் கழற்றி ரப்பரையே மாற்றிப் பொருத்தப் போகிறேன்.