300 எம்பிபிஎஸ் இணைய வேகம் விற்க வருபவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள்

டெல்லியில் முனிர்க்கா, ஆர்.கே. புரம், வசந்த் குஞ்ச் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று புகார் கொடுத்தால், கோளாறைப் பார்க்கும் ஆள் வருவதற்கு முன்பே விலை கூடிய திட்டத்தை விற்கும் ஆள் வந்துவிடுகிறார். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர் 10,612 ரூபாய் 92 பைசாவுக்கு வேலை வைத்துவிட்டுப் போனார். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. தவிரவும், எங்கள் குடியிருப்பில் வேறு நிறுவன இணைப்பு வைத்திருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

எங்களுடையது டெல்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. கட்டிய பழைய அடுக்ககம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள்; ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஃபைபர் கேபிள் மாடிப்படி வழியாக ஏறி, வாசல் கதவுக்கு மேலே உள்ளே நுழைகிறது. கொண்டுவந்தவர் அதற்குமேல் ஓர் அடிகூட இழுக்க மனமில்லாமல் ரூட்டர் பெட்டியைச் செருப்பு அலமாரிக்கு மேலேயே மாட்டிவிட்டார். திட்டம் 50 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 மெகாபிட் வேகம். மாதம் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 706 ரூபாய் 82 பைசா. குறையொன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகள் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் முளைத்தது. அவள் உட்காருவது கோடி அறையில். வாசலுக்கும் அந்த அறைக்கும் நடுவே மூன்று சுவர்கள். "மாமா, மீட்டிங்கில் நான் பேசுவது உடைந்து உடைந்து கேட்கிறதாம்" என்றாள். நிறுவனத்தை அழைத்துப் புகார் பதிவு செய்தேன்.

ஆள் வந்தது ஆடிக் கிருத்திகையன்று. நான் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வாய் நிறைய "ஆன்ட்டிஜி". செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று தன் கைப்பேசியில் வேகத்தை அளந்திருக்கிறார். 46 வந்திருக்கிறது. 50க்குக் காசு வாங்கும் இணைப்பில் 46 வந்தால் கேபிளில் கோளாறு இல்லை என்று அர்த்தம். அவரோ அதையே நோயாகக் காட்டி, "வெறும் 46தான் வருகிறது, இதில் ஆபீஸ் மீட்டிங் எப்படி நடக்கும்?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். 50 எம்பிபிஎஸ் திட்டத்தையே நிறுவனம் நிறுத்திவிட்டது, இன்னும் சில நாளில் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும் என்று வேறு சொல்லியிருக்கிறார். இது முழுப்பொய். அன்று மாலையிலும் அந்தத் திட்டம் நிறுவனத்தின் இணையதளத்தில் விலையோடு இருந்தது. இன்றும் இருக்கிறது.

அடுத்துதான் முக்கியமான கட்டம். "புகாரை மேலே அனுப்ப ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டு ஓடிபியை வாங்கியிருக்கிறார். வந்த குறுஞ்செய்தி ஆங்கிலத்தில், நான்கு வரி. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறவும் ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தவும் சம்மதம் என்பது மூன்றாவது வரியில் இருக்கிறது. ஓடிபி எண் முதல் வரியிலேயே இருக்கிறது. ஒருவர் முன்னால் நின்று எண்ணைச் சொல்லச் சொல்லும்போது யார் மூன்றாவது வரி வரைக்கும் போவார்கள்? தணிக்கைத் துறையில் காலம் தள்ளியவன் நான். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தில் முக்கியமான வாசகத்தை எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் குறுஞ்செய்தியை எழுதியவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பணம் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். மகன் ஆட்டோபே போட்டுவைத்திருந்தான். மாதக் கட்டணம் கார்டிலிருந்து தானாகப் போய்விடும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படித் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. 2022 ஜூன் மாதம் வரை இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அது கடன் விளம்பரங்களுக்கும் மனை விளம்பரங்களுக்கும் நடுவே வந்து கிடந்தது. 1,499 வீதம் ஆறு மாதம், ஜிஎஸ்டி சேர்த்து மேலே சொன்ன தொகை போய்விட்டது. பழைய திட்டத்திலேயே இருந்திருந்தால் அதே ஆறு மாதத்துக்கு 4,240 ரூபாய் 92 பைசா. வித்தியாசம் 6,372 ரூபாய்.

சரி, பணம்தான் போயிற்று, வேகமாவது வந்ததா?

புதிய பெட்டி எதுவும் வரவில்லை. யாரும் வந்து எதையும் தொடவில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே 50ஐ 300 ஆக்கிவிட்டார்கள். மருமகளின் அறையில் முன்பு 7 எம்பிபிஎஸ் வந்தது. பிறகும் 7. குரல் உடைவது நிற்கவில்லை.

பக்கத்து பிளாக்கில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார், நெட்வொர்க் துறையில் வேலை. அவரை அழைத்தேன். மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேராக ரூட்டரில் சொருகி அளந்தார். 94 வந்தது. 300 அல்ல, 94. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதில் கேபிள் சொருகும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். தலைகீழாக நின்றாலும் இதற்குமேல் வராது" என்றார். வைஃபையோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும். ஒற்றை ஆன்டெனாவுடன் இருக்கும் இந்த ரகப் பெட்டிக்கும் கைப்பேசிக்கும் இடையே ஏட்டளவில் கிடைக்கும் உச்ச வேகமே 72தான். நடைமுறையில் 40, 50 கிடைத்தால் பெரிய விஷயம். செருப்பு அலமாரிப் பக்கத்தில் அந்த விற்பனையாளர் நின்ற அதே இடத்தில் நின்று அளந்தோம். 300 எம்பிபிஎஸ் திட்டத்திலும் 46 சொச்சம்தான். ஆக, எந்தப் பெட்டியில் 300 வரவே வழியில்லையோ, அந்தப் பெட்டியின் மேல் 300க்கான கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். பெட்டி அவர்கள் கொடுத்தது, அதன் மாடல் எண் அவர்கள் கணினியில் இருக்கிறது. தெரியாமல் நடந்தது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கோடி அறையில் 7 வருவதற்கு இன்னொரு காரணமும் சொன்னார். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தடங்கள், 1, 6, 11 என மூன்றே மூன்று. எங்கள் பிளாக்கில் கைப்பேசியைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் சரம் சரமாக வருகின்றன. அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவே என் மூன்று சுவர்கள். இதைச் சரிசெய்யாமல் வெளியிலிருந்து வரும் வேகத்தை மட்டும் கூட்டுவது, கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்திவிட்டு ஓட்டை வாளியால் இறைப்பதுதான்.

சரிசெய்ய ஆன செலவைக் கேளுங்கள். முனிர்க்கா கடைத்தெருவில் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, வாசலிலிருந்து கோடி அறை வரைக்கும் சுவரோரமாக கேட் 6 என்ற ரக நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்து, அங்கே 5 கிகாஹெர்ட்ஸும் தரும் சிறிய ரூட்டர் ஒன்றை வைத்தோம். கூலி உட்பட 2,300 ரூபாய். இப்போது மருமகளின் அறையில் 90 வருகிறது. குரல் உடைவது அன்றோடு நின்றது.

இனி, 300 வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த விற்பனையாளர் கிளப்பிவிட்ட பயம் இதைப் பற்றியதுதான். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே காட்சிக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். முழு எச்டிக்கு 5 போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஜூம் தன் மிக உயர்ந்த தரக் காட்சிக்குக் கேட்பதே 4க்குள் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கும் மாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடத்துத் தொலைக்காட்சிக்கு 15, மருமகளுக்கு 4, பேரனின் வகுப்புக்கு 4, மகன் கைப்பேசியில் பார்க்கும் கிரிக்கெட்டுக்கு 5, மனைவி கும்பகோணத்தில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு 2. கூட்டினால் 30. ஐம்பதில் இருபது மிச்சம். ஒரு செய்தியையும் சொல்லிவைக்கிறேன்: இந்தியாவில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று அழைக்க அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ். அதுவும் 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து, அதாவது ஏறக்குறைய அரை எம்பிபிஎஸ்ஸிலிருந்து, உயர்த்தப்பட்டது. 2 போதும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இரண்டுக்கும் முந்நூறுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

இணையப் பக்கங்கள் "சட்டென்று" திறக்கும் என்பதும் விற்பனைப் பேச்சில் வரும். பக்கம் திறக்க ஆகும் நேரத்தில் பெரும்பங்கு, நம் கணினிக்கும் தொலைவில் இருக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்ப் போய்த் திரும்பும் தாமதம். கூகுளில் பணியாற்றிய மைக் பெல்ஷி 2010லேயே அளந்து காட்டினார்: வேகம் 5 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டிய பிறகு அதைக் கூட்டுவதால் பக்கம் திறக்கும் நேரத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம், தாமதத்தைக் குறைத்தால்தான் பலன். இன்றைய பக்கங்கள் அன்றையவற்றைவிடக் கனமானவை, எனவே அந்த 5ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 50, 300 ஆவதால் தாமதம் குறைந்துவிடாது.

வேகம் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் உண்டு. 50 ஜிபி கணினி விளையாட்டு ஒன்றை இறக்க 50 எம்பிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும், 300இல் இருபத்திரண்டு நிமிடம். வீடியோ எடிட் செய்து பெரிய கோப்புகளைத் தினமும் ஏற்றுகிறவர்கள், நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீடுகள் - இவர்கள் வாங்கட்டும். வாங்குமுன் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்றும் கேட்கட்டும், அதைப் பற்றி யாரும் தாமாகச் சொல்வதில்லை. இன்னொன்று: அளவற்றது என்று விற்கும் பல திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்ற எல்லை அடிக்குறிப்பில் இருக்கும். எனக்கு 50இலும் அதே எல்லைதான், 300இலும் அதே எல்லைதான்.

வாடிக்கையாளர் சேவை மையத்தோடு பேசியதை விரிவாக எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். சுருக்கம் இது: மேல் திட்டத்துக்கு மாற ஒரு நிமிடம் போதும், கீழே இறங்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஓடிபி வந்துவிட்டதால் சம்மதம் சம்மதம்தான். வீட்டுக்கு வந்தவர் யார் என்று கேட்டால், அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஏஜென்சி ஆள் என்றார்கள். ஏஜென்சி ஆளுக்கு என் புகார் எண் எப்படிப் போனது என்று கேட்டதும் அழைப்பைக் காத்திருப்பில் போட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணை, கட்டாயம் வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். அவருக்கு மனுப் போடக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே நேரத்தை விரயம் செய்யாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வராது என்று சேவை மையத்தில் ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம்.

ஆட்டோபே வைத்திருப்பவர்கள் இன்றே உள்ளே போய், ஒரு தடவையில் பிடிக்கக்கூடிய அதிகபட்சத் தொகையை உங்கள் மாதக் கட்டணத்துக்குச் சற்று மேலே மாற்றி வையுங்கள். நாங்கள் 800 என்று வைத்திருக்கிறோம். வேகம் போதவில்லை என்று யாராவது சொன்னால், கேபிளை நேராக ரூட்டரில் சொருகி அளந்துகாட்டச் சொல்லுங்கள். அதில் திட்டத்தின் வேகம் வந்தால் அவர் விற்கும் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

மேல்முறையீட்டில் நான் கேட்டிருப்பது இரண்டு: 6,372 ரூபாய் திரும்ப வேண்டும், 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டியில் 300 எம்பிபிஎஸ் தருவது எப்படி என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். முதல் கோரிக்கையைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது, இரண்டாவதைப் பற்றி மூச்சில்லை. கடிதத்தின் நகல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.